நார்வே இசையைத் தேடிக் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வே இசை எனக்குப் புதிது. எங்கே தொடங்குவது?

ஏற்கெனவே பிடித்துப்போன ஒரே ஒரு நார்வே ஆல்பத்தில் தொடங்குங்கள். அடுத்து என்ன கேட்பது என்பதை இசைவகையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்த ஆல்பத்தில் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், வெளியிட்ட நிறுவனம் என்று ஆட்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். நார்வேயின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான். மெட்டல், ஜாஸ், நாட்டார் இசை, எலக்ட்ரானிக் என்று தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து வாழும் அளவுக்கு அங்கே ஆட்கள் கிடையாது. ஒரே டிரம்மர் மூன்று வகை இசையில் இருப்பார். ஒரே ஒலிப்பதிவாளர் ஐந்து வகையில் இருப்பார்.

ஹெல்கே ஸ்தேன் நல்ல உதாரணம். டெத்ப்ரோட் என்ற பெயரிலும் இயங்குபவர். 1993-ல் வந்த டீமன் பாக்ஸ் ஆல்பத்தின் சமயத்தில் இவர் த்ரோன்ட்ஹெய்ம் நகரத்து ராக் குழுவான மோட்டர்சைக்கோவின் உறுப்பினர். பிறகு சூப்பர்சைலன்ட் என்ற குழுவில் சேர்ந்தார். ஒத்திகையே பார்க்காமல், முன்கூட்டிப் பேசிவைக்காமல் மேடையிலும் ஸ்டுடியோவிலும் அப்போதைக்கப்போது இசையை உருவாக்குகிற குழு அது. சூசன்னா என்ற பாடகியின் மெல்லிய, பாதி மௌனமான ஆல்பங்களைத் தயாரித்தவரும் இவர்தான். அதே சூப்பர்சைலன்ட்டில் டிரம்ஸ் வாசித்த யார்லே வெஸ்பெஸ்தாட், தூர்ட் கஸ்தாவ்சென் மூவர் குழுவின் சேஞ்சிங் பிளேசஸ் (2003) ஆல்பத்தில் பிரஷ்ஷால் தோலை வருடுகிற அளவுக்கு மெதுவாக வாசிக்கிறார். கீபோர்டு வாசித்த ஸ்தோலே ஸ்தோர்லொக்கென் 2012-ல் மோட்டர்சைக்கோவுடன் சேர்ந்து த டெத் டிஃபையிங் யூனிகார்ன் என்ற இரட்டை ஆல்பத்தைச் செய்தார். அதில் த்ரோன்ட்ஹெய்ம் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவும் உண்டு. ஒரு ராக் குழுவில் கிளம்பி ஜாஸ், இரைச்சல் இசை, மெல்லிசை என்று சுற்றி, அதே ராக் குழுவிடம் திரும்பி வந்துவிட்டோம். வழியில் நாலைந்து நல்ல ஆல்பங்கள் கையில் கிடைத்துவிட்டன.

ஆட்களைப் பின்தொடர்வதை நடைமுறையில் எப்படிச் செய்வது?

டிஸ்காக்ஸ் தளம்தான் இதற்குச் சிறந்த கருவி. ஆல்பத்தின் பெயரைத் தேடி, முதலில் வெளியான பதிப்பின் பக்கத்தைத் திறங்கள். பாடல் பட்டியலுக்குக் கீழே பங்களித்தவர்களின் பெயர்கள் இருக்கும். ஒரு பெயரைத் தட்டினால் அவர் வேலை செய்த எல்லாப் பதிவுகளும் வரும். அங்கே வாசிப்பு, தயாரிப்பு, தொழில்நுட்பம் என்று பிரித்துப் பார்க்கலாம். ஆண்டு வாரியாக அடுக்குங்கள். நீங்கள் விரும்பிய ஆல்பத்துக்கு முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகளுக்குள் வந்தவற்றை முதலில் கேளுங்கள். கலைஞர் அதே மனநிலையில் இருந்த காலம் பெரும்பாலும் அதுதான்.

பிறகு நிறுவனத்தின் பெயரைத் தட்டுங்கள். ரூனே கிராமோஃபோன் (1998-ல் தொடங்கியது), ஜாஸ்லேண்ட், ஸ்மால்டவுன் சூப்பர்சவுண்ட் போன்ற சிறு நிறுவனங்கள் ஒருவர் அல்லது இருவரின் ரசனையில் நடப்பவை. அவர்கள் வெளியிட்ட ஒன்று உங்களுக்குப் பிடித்தால் இன்னும் சில நிச்சயம் பிடிக்கும். பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் ஒன்றும் கிடைக்காது. அங்கே ரசனை என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

ஸ்பாட்டிஃபையிலும் பாடலுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் பங்களிப்பாளர் விவரம் வரும். ஆனால் அங்கே பாடலாசிரியரும் தயாரிப்பாளரும்தான் பெரும்பாலும் இருப்பார்கள். டிரம்மர் யார், எந்த ஸ்டுடியோ என்பதெல்லாம் பல நேரம் இருக்காது.

செயலியின் பரிந்துரைகளை நம்பிக் கேட்டால் போதாதா?

போதாது. பரிந்துரை செய்யும் நிரல் நாட்டைப் பார்ப்பதில்லை. யார் யாரையெல்லாம் சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறது. இரண்டு நார்வே பிளாக் மெட்டல் பாடல்கள் கேட்டால், அடுத்த வாரம் ஸ்வீடன், போலந்து, அமெரிக்கா என்று உலகத்து மெட்டல் எல்லாம் வந்து குவியும். நார்வே ஜாஸ் ஒன்றுகூட வராது. பியானோ ஜாஸ் கேட்டால் தூங்க வைக்கும் பின்னணி இசைக்குக் கொண்டுபோய்விடும்.

இன்னொரு சிக்கல் பெயர்க் குழப்பம். அரோரா, எம்பரர் போன்ற பெயர்களில் பல நாடுகளில் பல குழுக்கள் உண்டு. ஒரே கலைஞர் பக்கத்தில் சம்பந்தமில்லாத ஆல்பம் வந்து ஒட்டிக்கொள்வது சாதாரணம். ஆல்பம் வெளியான ஆண்டும் நிறுவனமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். மெட்டலுக்கு மெட்டல் ஆர்கைவ்ஸ் தளம் உதவும். நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் குழுக்கள் அத்தனையும் ஊர்ப் பெயரோடு வரிசையாக வரும். பேண்ட்கேம்ப் தளத்தில் நார்வே என்ற குறிச்சொல்லைவிட பெர்கன், த்ரோன்ட்ஹெய்ம், துரும்சோ, ஸ்தவாங்கர் என்று ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள். நாட்டின் பெயரில் தேடினால் மலைபோல் வரும். ஊரின் பெயரில் தேடினால் ஒரு மாலையில் கேட்டு முடிக்கலாம்.

பெயர்களைத் தட்டச்சு செய்யவே முடியவில்லையே?

ஆங்கில எழுத்துகளுக்கு மேல் நார்வேஜிய மொழியில் மூன்று உயிரெழுத்துகள் உண்டு. ஏ-யும் ஈ-யும் ஒட்டிப் பிறந்தது ஒன்று. குறுக்கே கோடு போட்ட ஓ இன்னொன்று. தலையில் வட்டம் வைத்த ஏ மூன்றாவது. பெரும்பாலான தளங்களில் கோடும் வட்டமும் இல்லாமல் வெறும் ஓ, வெறும் ஏ என்று அடித்தாலே போதும். கிடைக்காவிட்டால் வட்டம் வைத்த எழுத்துக்கு ஏ-யை இரண்டு முறை அடித்துப் பாருங்கள். பழைய எழுத்துமுறை அது. கோடு போட்ட ஓ-வுக்கு ஓ-யும் ஈ-யும் சேர்த்து அடிக்கலாம். கைப்பேசியில் ஓ எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட எழுத்து மேலே வரும்.

நார்வே விழாக்களின் பெயர்ப் பட்டியலில் தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மூன்று எழுத்துகளும் இசட்டுக்குப் பிறகுதான் வரும். ஓராப்ரூட் என்ற இரைச்சல் ராக் குழுவைப் பட்டியலின் தொடக்கத்தில் தேடினால் கிடைக்காது. கடைசியில் இருக்கும்.

பிளாக் மெட்டல் கேட்க முயன்றேன். வெறும் இரைச்சலாக இருந்தது. என்ன தவறு?

தொடங்கிய இடம் தவறாக இருக்கலாம். பட்டியல் போடுகிற பலர் டார்க்த்ரோன் குழுவின் டிரான்சில்வேனியன் ஹங்கர் (1994) ஆல்பத்தை முதலில் வைப்பார்கள். அது நான்கு தடப் பதிவுக் கருவியில் வீட்டிலேயே பதிவானது. பாஸ் கிட்டத்தட்ட இல்லை. கிடார் கொதிக்கும் எண்ணெய்போல் சீறும். அந்த ஒலி திறமைக்குறைவால் வந்தது இல்லை, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. அன்றைய டெத் மெட்டலின் மெருகேறிய ஸ்டுடியோ ஒலிக்கு எதிர்வினை அது. ஆனால் காது பழகாதவருக்கு முதல் வாசலாக அது உதவாது.

இந்த வரிசையில் முயலுங்கள். முதலில் என்ஸ்லேவ்ட் குழுவின் ஆக்சியோமா எதிக்கா ஒதினி (2010). ஒலி தெளிவு, பாடலமைப்பு விரிவு, நடுநடுவே சுத்தமான குரல். அடுத்து உல்வேர் குழுவின் பெர்க்தாத் (1995). மலைக்குள் இழுத்துச் செல்லப்படும் ஒரு பெண்ணின் நாட்டார் கதை, ஐந்து அத்தியாயங்களாக. அக்கூஸ்டிக் கிடாரும் பாடகர் கூட்டத்தைப் போன்ற குரல்களும் இரைச்சலோடு மாறி மாறி வரும். மூன்றாவது இம்மார்டல் குழுவின் அட் த ஹார்ட் ஆஃப் வின்டர் (1999). நான்காவது எம்பரர் குழுவின் இன் த நைட்சைடு எக்லிப்ஸ் (1994). டார்க்த்ரோன் இதற்கெல்லாம் பிறகு.

கேட்கும் முறையும் முக்கியம். பாஸ் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். கூட்டினால் இரட்டைப் பெடல் டிரம் மட்டும் இரைந்து கிடாரின் மெட்டு மறைந்துவிடும். ஒலியளவைக் குறையுங்கள். கிடார்கள் ஒரே சுரத்தை வேகமாக மீட்டிக்கொண்டே போகும். காதுக்குப் புலப்பட வேண்டியது அந்த மீட்டலுக்கு மேலே மெதுவாக நகரும் மெட்டு. டிரம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மெட்டு நிதானமாகத்தான் மாறும். அது பிடிபட்ட பிறகு இரைச்சல் என்று தோன்றாது.

இங்கேயும் ஆட்களைப் பின்தொடரலாம். பித்தென் என்று அழைக்கப்படும் ஒலிப்பதிவாளர் ஐரிக் ஹுந்த்வின் பெயரைத் தட்டிப் பாருங்கள். மேஹெம், எம்பரர், இம்மார்டல், என்ஸ்லேவ்ட் குழுக்களின் தொடக்ககால ஆல்பங்கள் இவர் கையில், பெர்கன் நகரின் கிரீக்ஹாலனில் பதிவானவை. கிரீக்ஹாலன் என்பது இசையமைப்பாளர் கிரீக் பெயரால் அமைந்த கச்சேரி மண்டபம், பெர்கன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் வீடு. அந்தத் தலைமுறையின் பிளாக் மெட்டலும் சிம்ஃபனியும் ஒரே கட்டடத்தில் ஒலித்தன.

அந்தக் குழுக்கள் செய்த குற்றங்கள்?

மறைக்க ஒன்றும் இல்லை. 1992 ஜூன் 6-ல் பெர்கனில் ஃபான்தொஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. அதைத் தொடர்ந்து பல தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. 1993 ஆகஸ்டில் மேஹெம் கிடார் கலைஞர் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். பூர்ஸும் என்ற தனிநபர் திட்டத்தை நடத்திய வார்க் விகெர்னெஸ் கொலைக்கும் தேவாலய எரிப்புகளுக்குமாக 1994-ல் 21 ஆண்டு தண்டனை பெற்றார். எம்பரர் குழுவின் அன்றைய டிரம்மர் ஃபாவுஸ்ட்டும் வேறொரு கொலைக்காகச் சிறை சென்றார்.

பெரும்பாலான குழுக்களுக்கு இவற்றில் பங்கு இல்லை. ஆனால் இனவெறிக் கருத்துள்ள சிலரும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் பாடல்வரிகளையும் குழுவின் நேர்காணல்களையும் பார்த்துவிடுங்கள். கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. எங்கள் கருத்து, நேர்மையாக நல்ல இசை செய்த பல குழுக்கள் காத்திருக்கும்போது வெறுப்பைப் பரப்புகிறவருக்குக் காசு போக வேண்டியதில்லை. இன்னொரு எச்சரிக்கை: மேஹெம் பெயரில் சுற்றுகிற ஒரு அனுமதியற்ற நேரடிப் பதிவின் அட்டையில் உண்மையான மரணத்தின் புகைப்படம் இருக்கிறது. இணையத்தில் படங்களைத் தேடும் சிறுவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

மெட்டல் வேண்டாம், ராக் வேண்டும் என்றால்?

மோட்டர்சைக்கோவின் டிமொதிஸ் மான்ஸ்டர் (1994) நல்ல தொடக்கம். ஸ்தவாங்கரின் க்வேலெர்தாக் 2010-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் பங்க், மெட்டல், பழைய ராக் மூன்றையும் கலந்து, முழுக்க நார்வேஜிய மொழியில் கத்தித் தீர்க்கும். ஆட்டம்போட வைக்கும். மனச்சுமையுள்ள இரவுக்கு வடக்கே வெஸ்தரோலன் தீவுக்கூட்டத்திலிருந்து வந்த மத்ருகாதா குழுவின் இண்டஸ்ட்ரியல் சைலன்ஸ் (1999). டர்போநீக்ரோவின் அபோகலிப்ஸ் டியூட்ஸ் (1998) பங்க் ரசிகர்களுக்கு.

நார்வே ஜாஸ் ஏன் அமெரிக்க ஜாஸ்போல் இல்லை?

ஒலிப்பதிவு முறையும் இடைவெளியும்தான் காரணம். 1970-ல் சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பாரெக், கிடார் கலைஞர் தெர்யே ரிப்டால், பாஸ் கலைஞர் ஆரில்ட் ஆண்டர்சென், டிரம்மர் யூன் கிறிஸ்டென்சென் நால்வரும் ஓஸ்லோவில் பதிவு செய்த ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட் ஆல்பம் ஜெர்மனியின் இசிஎம் நிறுவனத்தில் வந்தது. அதன்பிறகு அந்த நிறுவனம் தன் பதிவுகளில் பெரும்பகுதியை ஓஸ்லோவுக்கே கொண்டுவந்தது. ஒலிப்பதிவாளர் யான் எரிக் கொங்ஸ்ஹவுக் முதலில் ஆர்னே பெண்டிக்சென் ஸ்டுடியோவிலும், பிறகு டேலன்ட் ஸ்டுடியோவிலும், 1984 முதல் தன் சொந்த ரெயின்போ ஸ்டுடியோவிலும் நூற்றுக்கணக்கான ஆல்பங்களைப் பதிவு செய்தார். சிம்பலைத் தட்டியபின் அந்த அதிர்வு காற்றில் கரையும்வரை கேட்கும். பியானோவைச் சுற்றி அறையின் வெளி தெரியும். அடுத்த சுரம் வர அவசரப்படாது. அமெரிக்க ஜாஸின் ஸ்விங் தாளத்தைத் தேடுகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். இங்கே தாளம் ஓடாது, நிறம் மாறும்.

இயர்ஃபோனில், வெளிச்சத்தம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பேருந்தில் கேட்டால் பாதி ஒலிகள் எஞ்சின் சத்தத்தில் போய்விடும். பிறகு ஆல்பம் மொக்கை என்று தோன்றும்.

1990-களில் இன்னொரு அலை வந்தது. ட்ரம்பெட் கலைஞர் நில்ஸ் பெத்தர் மோல்வாரின் க்மேர் (1997) எலக்ட்ரானிக் தாளங்களோடு ஜாஸைப் பிணைத்தது. கீபோர்டு கலைஞர் புகே வெசெல்தொஃப்ட் ஜாஸ்லேண்ட் நிறுவனத்தைத் தொடங்கி அதே பாதையில் நடந்தார். கிளப் இசை பிடித்தவர்கள் இங்கிருந்து ஜாஸுக்குள் நுழைவது சுலபம். மூச்சுக்காற்றை ஜப்பானியப் புல்லாங்குழல்போல் மாற்றும் ட்ரம்பெட் கேட்க வேண்டுமா? ஆர்வே ஹென்ரிக்சென். இந்தத் தலைமுறையில் பலர் த்ரோன்ட்ஹெய்மில் 1979-ல் தொடங்கிய ஜாஸ் படிப்பில் பயின்றவர்கள். ஒரு இசைக்கலைஞரின் குறிப்பில் த்ரோன்ட்ஹெய்ம் என்று பார்த்தால் நின்று கேளுங்கள்.

இசிஎம் ஆல்பங்கள் 2017 நவம்பர் முதல் ஸ்ட்ரீமிங் செயலிகளில் இருக்கின்றன. பழைய வழிகாட்டிகளில் குறுந்தகடாகத்தான் கிடைக்கும் என்று எழுதியிருந்தால் அது காலாவதியான தகவல்.

நம் இசையோடு நேரடித் தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். ஷங்கர் தன் இரட்டைக் கழுத்து வயலினோடு, கார்பாரெக்குடன் சேர்ந்து விஷன் (1983), சாங் ஃபார் எவ்ரிஒன் (1985) என்று இரண்டு ஆல்பங்கள் செய்தார். இரண்டாவதில் ஜாகிர் உசேன், திரிலோக் குர்து இருவரும் உண்டு. கமகம் பழகிய காதுக்குக் கார்பாரெக்கின் சாக்ஸஃபோன் எங்கே வளைகிறது, எங்கே வளையாமல் நேராக நிற்கிறது என்பது உடனே தெரியும். ஜாகிர் உசேனின் மேக்கிங் மியூசிக் (1987) ஓஸ்லோவின் ரெயின்போ ஸ்டுடியோவிலேயே பதிவானது. ஹரிபிரசாத் சௌராசியா, ஜான் மெக்லாக்லின், கார்பாரெக் மூவரும் வாசித்திருக்கிறார்கள்.

இன்றைய தலைமுறையில், நார்வேயில் வளர்ந்த ஈழத்தமிழ்க் கலைஞர் மீரா திருச்செல்வம் கருநாடகப் புல்லாங்குழல் வாசிக்கிறார். அவருடைய குழுவின் பெயர் 9 கிராதெர் நூர். யாழ்ப்பாணம் இருக்கும் வடக்கு ஒன்பதாம் பாகையைக் குறிக்கும் பெயர்.

ஹார்தாங்கர் ஃபிடில் என்கிறார்களே, சாதாரண வயலினிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வாசிக்கும் நான்கு தந்திகளுக்குக் கீழே நான்கு அல்லது ஐந்து தந்திகள் கூடுதலாக ஓடும். அவற்றை வில் தொடாது. மேலே வாசிக்கும் சுரத்துக்கு ஏற்பத் தாமாக அதிரும். சிதாரின் தரப் தந்திகள் செய்யும் வேலை. தந்திகளைத் தாங்கும் குதிரை வயலினைவிடத் தட்டையாக இருப்பதால் வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைச் சுலபமாகத் தொடும். அதனால் மெட்டோடு சுருதியும் சேர்ந்தே ஒலிக்கிறது. உடம்பெல்லாம் மையால் வரைந்த கொடிகள், விரல்பலகையில் சிப்பி வேலை. எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1651 என்று ஆண்டு குறித்த யோஸ்தாத் ஃபிடில். சுருதி சேர்க்கும் முறை இருபதுக்கும் மேல் உண்டு. கலைஞர் இரண்டு மெட்டுகளுக்கு நடுவே நீண்ட நேரம் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தால் பொறுமையாக இருங்கள். முறை மாறுகிறது.

கேட்பவர் தடுமாறும் இடம் ஸ்ப்ரிங்கார் என்ற மூன்றடி நடனத் தாளம். மூன்றையும் சமமாகத் தட்டினால் இரண்டாவது சுற்றிலேயே விலகிவிடுவீர்கள். தெலெமார்க் வட்டார ஸ்ப்ரிங்காரில் முதல் அடி நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குட்டை. வால்த்ரெஸ் வட்டாரத்தில் முதல் அடியே குட்டை, இரண்டாவது நீளம், மூன்றாவது நடுத்தரம். வில்லைப் பின்தொடராமல் கலைஞரின் காலைக் கேளுங்கள். உட்கார்ந்தபடியே தரையில் மிதிப்பார், பதிவிலும் அது தெளிவாக விழும். அந்த மிதியோடு சேர்ந்து மிதித்தால் பத்து நிமிடத்தில் தாளம் உடம்பில் ஏறிவிடும். தொடக்கத்துக்கு ஆன்பியோர்க் லீன். அமைதியும் சோதனையும் வேண்டுமென்றால் நில்ஸ் ஓக்லன்ட்.

வார்துருனா குழு வாசிப்பது உண்மையான வைக்கிங் இசையா?

இல்லை. அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. வைக்கிங் காலத்து மெட்டுகள் எழுத்தில் நிற்கவில்லை. கொம்பு, யாழ்வகைக் கருவிகள், குதிரைமயிர்த் தந்தி போட்ட வில்கருவி போன்ற பழைய கருவிகளையும் பழைய நோர்ஸ் கவிதைகளையும் வைத்து ஐனார் செல்விக் புதிதாகச் செய்கிற இசை அது. ரூனால்யோத் என்ற மூன்று ஆல்பத் தொடர் (2009, 2013, 2016) பெரிய வேலை. ஆனால் முதலில் ஸ்கால்த் (2018) கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குரலும் ஒரு கருவியும்தான். செல்விக் முன்பு கோர்கொரோத் என்ற பிளாக் மெட்டல் குழுவின் டிரம்மர். என்ஸ்லேவ்ட்டின் ஈவார் பியோர்ன்சன்னோடு சேர்ந்து ஸ்குக்ஷோ என்ற ஆல்பமும் (2016) செய்திருக்கிறார். மெட்டலிலிருந்து நாட்டார் இசைக்குப் போக இதைவிட நேரான பாதை இல்லை.

யோய்க் என்பது என்ன?

வடக்கே வாழும் சாமி பழங்குடியினரின் பாடல்முறை. ஒருவரைப் பற்றிப் பாடுவதில்லை, அவரையே யோய்க் செய்வார்கள். சொற்கள் குறைவு, சில நேரம் சொல்லே இல்லை. மெட்டு சுழன்றுகொண்டே இருக்கும், எங்கோ தொடங்கி எங்கோ நிற்கும். பாவம் என்று மதபோதகர்கள் நீண்டகாலம் அடக்கிவைத்த கலை இது. மாரி பொய்னேயின் குலா குலா (1989) கேளுங்கள். ராக் கருவிகளோடு யோய்க் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆல்பம். மரபு யோய்க்குக்கு அதற்குப் பிறகு போனால் காது தயாராக இருக்கும்.

பாப், எலக்ட்ரானிக் பக்கம் யாரைக் கேட்பது?

ஆ-ஹாவும் ஆலன் வாக்கரும் பலருக்கு ஏற்கெனவே தெரியும். ஆ-ஹாவில் டேக் ஆன் மீ என்ற அந்த ஒரு பாடலோடு நிற்காதீர்கள். ஹண்டிங் ஹை அண்ட் லோ (1985) முழு ஆல்பமும் கேட்கத் தகும்.

பெர்கன் நகரில் 2000-ஐ ஒட்டி எழுந்த அலைதான் இதில் வளமான பகுதி. கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ் இரண்டு கிடார், இரண்டு குரலோடு செய்த குவைட் இஸ் த நியூ லவுட், ரோய்க்சோப்பின் மெலடி ஏ.எம். இரண்டும் 2001. முதல் குழுவின் ஆர்லன்ட் ஓயே இரண்டாவது ஆல்பத்திலும் பாடியிருக்கிறார். ரோய்க்சோப் இருவரும் துரும்சோவைச் சேர்ந்தவர்கள். ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் அதே ஊரின் பயோஸ்ஃபியர் 1997-ல் தந்த சப்ஸ்ட்ராட்டா, ஆம்பியன்ட் இசையின் சிகரங்களில் ஒன்று. நடன இசைக்கு லிண்ட்ஸ்ட்ரோம், டாட் டெர்யே. குரலுக்கு சூசன்னே சுண்ட்ஃபோர், ஆல்பம் டென் லவ் சாங்ஸ் (2015). அரோரா, சிக்ரித், கேர்ள் இன் ரெட் மூவரும் தேடாமலே வந்து சேருவார்கள்.

நார்வேஜிய மொழியிலேயே பாடுகிறவர்கள்?

இங்கேதான் வெளிநாட்டு ரசிகர்கள் அதிகம் இழக்கிறார்கள். கைசர்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் ஒம்பா தில் து தோர் (2001) கேளுங்கள். எண்ணெய்ப் பீப்பாய்களைக் கடப்பாரையால் அடித்து, காற்றடிக்கும் ஆர்கனோடு, தென்மேற்குப் பேச்சுவழக்கில் பாடுவார்கள். ஒரு சொல் புரியாமலே எழுந்து ஆடலாம். ராப்பில் கார்பே. எகிப்திய வேரும் குஜராத்தி வேரும் உள்ள ஓஸ்லோ இளைஞர்கள் இருவர். 2022 ஆகஸ்டில் ஓஸ்லோ ஸ்பெக்ட்ரம் அரங்கைப் பத்து இரவுகள் நிரப்பினார்கள். 1980-களின் ராக்குக்கு டும்டும் பாய்ஸ், டெலில்லோஸ், ராகா ராக்கர்ஸ், யோக்கே ஓ வாலன்டினர்னே நால்வரையும் நான்கு பெரியவர்கள் என்றே அங்கே சொல்வார்கள்.

பாடல்வரியை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் பாதி பிழையாக வரலாம். பலர் பாடுவது ஊர் வழக்கில். எழுத்து மொழியிலும் இரண்டு வடிவங்கள் உண்டு.

யாரை நார்வே என்று தவறாக நினைக்கிறார்கள்?

பாத்தோரி, ஓபெத், ஆப்பா, ராபின் ஸ்வீடன். நைட்விஷ் பின்லாந்து. பியோர்க், சிகுர் ரோஸ் ஐஸ்லாந்து.

புதிதாக வருகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே 2000-ல் தொடங்கிய ஊரோர்ட் திட்டம், ஒப்பந்தம் இல்லாத குழுக்களுக்கானது. அங்கே ஆண்டுதோறும் யார் முன்னிலைக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். பீலார்ம் விழா 1998 முதல் நடக்கிறது. புதிய குழுக்களைத் தொழில்துறைக்கு அறிமுகப்படுத்துவதே அதன் வேலை. அதன் பெயர்ப்பட்டியலை எடுத்து, குழுவுக்கு ஒரு பாடல் வீதம் கேட்டு, பிடித்தவற்றை மட்டும் தனிப்பட்டியலில் போடுங்கள்.

பழையவற்றுக்கு ஸ்பெலமன் விருது. 1972-ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து தொடர்கிறது. நாட்டார் இசை, ஜாஸ், மெட்டல், சிறுவர் இசை என்று தனித்தனிப் பிரிவுகள். வெற்றி பெற்றவரைவிடப் பரிந்துரையில் இருந்த மற்றவர்களைக் கேளுங்கள். வென்றவர் பெரும்பாலும் ஏற்கெனவே பிரபலமானவர்.

இத்தனை சிறிய நாட்டில் இத்தனை இசைக்கலைஞர்கள் எப்படி?

ஒவ்வொரு நகராட்சியும் சிறுவர்களுக்கு இசை, கலைப் பள்ளி நடத்த வேண்டும் என்று 1997 முதல் சட்டமே இருக்கிறது. பள்ளிகளை ஒட்டிப் பேண்டு வாத்தியக் குழுக்கள் இயங்குகின்றன. அரசின் கலாசார மன்றம் பதிவுகளுக்கும் பயணங்களுக்கும் நிதி தருகிறது. விற்காத இசையையும் ஒருவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து செய்ய முடிவது இதனால்தான். சூப்பர்சைலன்ட் போன்ற ஒரு குழு சந்தையை மட்டும் நம்பி இவ்வளவு காலம் நின்றிருக்க முடியாது.

நேரில் போய்க் கேட்க வேண்டுமென்றால் எப்போது, எங்கே?

மெட்டலுக்கு ஈஸ்டர் விடுமுறையில் ஓஸ்லோவின் இன்ஃபெர்னோ விழா. ஜாஸுக்கு ஜூலையில் மோல்தே, 1961 முதல் நடக்கிறது. நாட்டார் இசைக்கு ஜூலையில் ஃபோர்தே. சாமி இசைக்கு ஜூலையில் வடக்கே மன்தாலன் ஊரின் ரித்து ரித்து. ப்ளூஸுக்கு நூத்தொதன், பலவகைக்கும் ஓஸ்லோவின் ஓயா, இரண்டும் ஆகஸ்டில். ரித்து ரித்துவுக்குப் போனால் கூடாரத்தில் தங்க நேரலாம். சூரியன் மறையாத காலம் என்பதால் கண்கட்டுத் துணியும், கொசு மருந்தும், ஜூலையாக இருந்தாலும் கம்பளிச் சட்டையும் வேண்டும்.

ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது என்றால் ஓஸ்லோவில் பிளோ, பெர்கனில் ஹூலன். பின்னது பதுங்கறையாக வெட்டிய குகைக்குள் மாணவர்கள் நடத்தும் ராக் கிளப். நுழைவு வயது 18 என்றோ 20 என்றோ நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். டிக்கெட் தீர்ந்துவிட்டால் மறுவிற்பனையில் தேடலாம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது அங்கே சட்டப்படி குற்றம். அதிகம் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள், போலியாகவும் இருக்கலாம்.

இசைத்தட்டு வாங்குவதில் கவனிக்க வேண்டியது?

1990-களின் பிளாக் மெட்டலில் கள்ளப் பதிப்புகள் ஏராளம். மேஹெமின் டெத்கிரஷ் (1987) முதல் பதிப்பு 1,000 பிரதிகள்தான். சந்தையில் மலிவாக முதல் பதிப்பு என்று வருவதை நம்ப வேண்டாம். டிஸ்காக்ஸில் அனுமதியற்றது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, தட்டின் மையத்தையொட்டிப் பொறித்திருக்கும் எண்ணைப் புகைப்படமாகக் கேளுங்கள். அனுப்ப மறுக்கிறவரை விட்டுவிடுங்கள். புதிய ஆல்பங்களுக்குக் குழுவின் பேண்ட்கேம்ப் பக்கமே நல்லது. நார்வேயிலிருந்து ஒரு தட்டு அனுப்பும் செலவு தட்டின் விலையை எட்டிவிடும். மூன்று நான்கு தட்டுகளைச் சேர்த்து வாங்குங்கள், அல்லது தரம் குறையாத கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்போடு பல நேரம் சிறுநூலும் கிடைக்கும், டிரம்மர் யார் என்று அதில் இருக்கும்.